சாம்பல் கோடு

நெப்ராஸ்காவின் மேற்கு ஓரம். ஜூலை. மாலை நாலே முக்கால்.
டிரெய்லருக்குள் ஏசி இரைகிறது,
ராடாருக்காக. எங்களுக்காக அல்ல.
திரையில் பச்சை, எங்களை நோக்கி வருவது.
சிவப்பு, விலகிப் போவது.
இரண்டுக்கும் நடுவே கோணலாய் ஒரு சாம்பல் கோடு: பூஜ்யம்.

ராடார் காற்றைப் பார்ப்பதில்லை.
காற்று இழுத்துப்போகும் துளிகளைத்தான் பார்க்கிறது,
அதுவும் வருகிறதா போகிறதா என்று மட்டும்.
குறுக்கே ஓடினால் தெரியாது.
நெட்டுக்குத்தாக ஏறினாலும் தெரியாது.
அதனால்தான் வெல்டன் ஷ்ரூப்
இறக்கை விளிம்பில் தகடு போர்த்திய
பழைய பயிற்சி விமானத்தை
மேகத்துக்குள் ஓட்டுகிறான்.

"ஆர்டித், எங்கே நுழையட்டும்?"
சாம்பல் கோட்டைக் காட்டிக்கொடுத்தேன்.
பதினேழாயிரம் அடி.
அங்கே எண் எதுவும் இல்லை என்றேன்.
அமைதி என்று சொல்லவில்லை.
சொன்னதாக அவன் இன்றும் சாதிக்கிறான்.

பிறகு வானொலியில்
தகர டப்பாவில் கூழாங்கல் குலுங்கும் சத்தம்.
அதற்குள் அவன் குரல், வெறும் எண்களாக:
எட்டு.
பதினான்கு.
இருபத்தொன்று.
நொடிக்கு மீட்டர், மேல்நோக்கி.
மூக்கைக் கீழே அழுத்திக்கொண்டே
மூவாயிரம் அடி மேலே போயிருக்கிறான்.
அவன் கேட்டதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம்,
அதுதான் காற்று.
என் திரையில் அந்த இடம்
சாம்பல், சாம்பல், இன்னும் சாம்பல்.

இறங்கியதும் எஞ்சின் மூடியில் பள்ளங்களை
சாக்பீஸால் வட்டமிட்டு எண்ணினேன். நாற்பத்தாறு.
பிளாஸ்க் மூடியைத் திருக முயன்றவன்
என்னிடம் நீட்டினான்,
முகத்தைப் பார்க்காமல்.
நானும் அவன் விரல்களைப் பார்க்காமல்
திறந்து கொடுத்தேன்.

குறிப்பேட்டில் ஒரே நிமிடத்துக்கு எதிரே
பூஜ்யம் என்றும் இருபத்தொன்று என்றும் எழுதியாயிற்று.
ஒன்றை அடி என்பார்கள் தலைமையகத்தில்.
பொய் சொன்ன கருவி எதுவும் இல்லையே.

வேலிக்கு அந்தப் பக்கம் வெர்னா ஹோல்ஷர்,
நாளை மறுநாள் அறுக்க இருந்த கோதுமைக்குள் நடந்து
ஒரு தாளை நிமிர்த்தி விட்டாள்.
நிற்கவில்லை.
இன்னொன்று.
ஆலங்கட்டி அவள் பூட்ஸடியில் நொறுங்கியது.

"எவ்வளவு?" என்று கத்தினாள்.
"இருபத்தொன்று!"
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அது மேலே போனது.
நான் கேட்டது கீழே வந்ததை."

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.
கிழக்கே, அடுத்த கவுண்டிக்கு மேல்,
அது இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.