நாலாம் வாங்கு

டச்பார்ச் சின்னக் கோயிலின் வாசலைப்
பலகை அடித்து மூடிவிட்டார்கள்.
மேலிருந்து மூன்றாவது எனக்குத் தெரிந்தது:
நாலாம் வாங்கின் முதுகு.

பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்திருந்த சனிக்கிழமை
கொண்டை ஊசியால் அதில் ஒரு 'ப' கீறினேன்.
அதைமட்டும் சுவாமியிடம் சொல்லவில்லை.

கடல் வந்த பிறகு
பாதிச் சனம் திராய்மடுவுக்குப் போனது.
சுரூபங்களை லொறியில் ஏற்றிய அன்று
அந்தோனியாரின் கையிலிருந்து கழன்ற பாலனைப்
பஸ்தியான்தான் மடியில் வைத்திருந்தான்.
"செக்பொயின்ற்ல கேட்டா
எண்ட புள்ளெண்டு சொல்லுவன்."
எல்லாரும் சிரித்தார்கள்.
நானும்.

இடுக்கில் கண் வைத்தால்
வௌவால் எச்சம், ஒற்றைச் செருப்பு.

பலகையைத் தலைகீழாக அடித்திருக்கிறார்கள்.
என் 'ப'
கவிழ்ந்து
ஒரு சின்ன வாசலாய் நிற்கிறது.
அதற்குள் படிந்திருந்த உப்பை
நகத்தால் சுரண்டிவிட்டு வந்தேன்.