மூன்றாவது அமுக்கு

பனச்சமூட்டில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலம்,
அந்தப் பக்கம் இன்னொன்று.
ஒரே டார்ச்சுக்கு இருபது ரூபாய் வித்தியாசம்.

பால்வெட்டுக்கு நான் புதுசு.
பதினாலு வருஷம் அண்டி ஆபீசில்
டியூப்லைட்டுக்குக் கீழே பருப்புத் தோல் உரித்தவள்.
இருட்டோடு எனக்குப் பேச்சுவார்த்தை இருந்ததில்லை.
திங்கள் முதல் முந்நூறு மரம்,
விடிய மூன்று மணிக்கு.
கத்தி முதலாளி தருவார்.
வெளிச்சம் நம்முடைய பொறுப்பு.

கையில் நானூறு ரூபாய்.
அதில் பதினைந்து மினிபஸ்ஸுக்கு.

ஸ்னாபகதாஸ் கடையில் கண்ணாடிப் பெட்டி நிறைய டார்ச்.
ஒன்றின் அட்டையில் ஒரு லட்சம் லூமன் என்றிருந்தது.
"ஒரு லட்சமா?"
"அது அட்டையோட பிரகாசம்" என்றார்.
அப்போதே அந்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது.

பையிலிருந்து ரப்பர்க் கம்பை எடுத்தேன்.
விறகுக் கடையில் கேட்டு வாங்கியது,
பழைய வெட்டுத் தழும்போடு.
ரவிக்கைத் துணிக்கு நூல் பொருத்த வந்தவள் மாதிரி
அதை மேசைமேல் வைத்ததும்
பாட்டரி வாங்க வந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
ஷட்டரைப் பாதி இறக்கினார்.

முதல் டார்ச் நீலவெள்ளை.
பட்டை கழுவிவைத்த பீங்கான் போலாயிற்று,
தழும்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.
அடுத்ததன் மூக்கை இழுத்தால்
வெளிச்சம் ஐந்து ரூபாய்க் காசளவு சுருங்கியது.
எதிர்மலையில் யாரோ வீட்டு ஓட்டை எண்ணலாம்,
என் மரம் முழங்கைத் தூரத்தில் அல்லவா நிற்கிறது!

மூன்றாவது கட்டைவிரல் நீளம்.
கொஞ்சம் மஞ்சள், ஒரே ஒரு பொத்தான்.
அதில் பட்டை பட்டையாகவே இருந்தது.
பழுப்பு, அதன்கீழ் மெலிந்த பச்சை,
நேற்றைய கத்தி நின்ற கோடு.
ஒரு நாளைக்கு ஒரு காசின் கனம்தான் சீவலாம்.
ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம்,
எனக்கு ஏச்சு.

ஒரு அமுக்கு, நட்டுச்சி வெயில்.
இரண்டு, சாயங்காலம்.
மூன்று, என் கைரேகை தெரிகிற அளவு,
ஆனால் பதினோரு மணிநேரம் எரியும்.
நான்கு, ஆம்புலன்ஸ் போல வெட்டி வெட்டி அடித்தது.
"இதை எடுத்துட்டு பத்து ரூபா குறைங்க."
"அது கூடவேதான் வரும், கொழுந்தன் மாதிரி."

முந்நூற்று நாற்பது.
ரோட்டைத் தாண்டினேன்.
ரதீஷ் அதையே முந்நூற்றிருபது என்றான்.
கேரண்டி?
"ரோடு கடந்நால் கேரண்டி இல்லா சேச்சி."
திரும்பி வந்தேன்.
ஸ்னாபகதாஸ் ஒன்றும் கேட்கவில்லை,
அதைத் தண்ணீர் வாளியில் போட்டார்.
அடியில் கிடந்து எரிந்தது.
தொப்பியில் மாட்டுகிற கிளிப் சும்மா,
ரப்பர் உறை வேண்டுமானால் ஐம்பது என்றார்.
உறை வேண்டாம்.

முதல் ராத்திரி
ஒவ்வொரு மரத்துக்கும் வெயிலையே அமுக்கினேன்.
மரம் தெரிந்தது,
மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் குருடானேன்.
பூச்சிகள் வாய்வரை வந்தன.
நாற்பதாவது மரத்துக்கு மேல்தான்
பெருவிரல் தானாகவே மூன்று எண்ணியது.
குறைந்த வெளிச்சத்தில்
பாதையும் கூட வந்தது, வேரும் கல்லும் உட்பட.

மூன்றாம் நாள் குனிந்தபோது கிளிப் நழுவி
டார்ச் நேராகச் சிரட்டைப் பாலுக்குள்.
அணையவில்லை.
பால் உள்ளிருந்து எரிந்தது.
எண்ணெயும் திரியும் இல்லாமல்
மரத்தின் இடுப்பில் ஒரு விளக்கு.
எதிர்ச்சரிவில் வெட்டிக்கொண்டிருந்தவர்
கேரளத்திலிருந்து கூவினார்:
"எந்தா அவிடே, தீயா?"
"மூணாவது அமுக்கு!" என்றேன்.
அவருக்கு என்ன விளங்கியதோ,
தன் வெளிச்சத்தை இரண்டு தடவை ஆட்டினார்.

இரண்டு விரல் விட்டு எடுத்தேன்.
விடியும்போது பால் காய்ந்து
டார்ச்சைச் சுற்றி இறுக்கமாய் ஒரு சட்டை.
ஐம்பது ரூபாய் மிச்சம்.
கண்ணாடி மேல் மட்டும்
நகத்தால் கீறி உரித்தேன்.
ஒரே இழுப்பில், கிழியாமல் வந்தது.
பதினாலு வருஷத்து நகம்.