மூன்றாம் வேற்றுமை

இரவு இரண்டு மணி. எல் ஆல்டோவில் பூஜ்யத்துக்கு நான்கு கீழே.
கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டுத்
தட்டச்சு செய்கிறேன்.
காலை எட்டுக்கு அறிக்கை
பொறியாளர் அரான்சிபியாவின் மேசையில் இருக்க வேண்டும்.
மூன்று பிரதி, கம்பிச்சுருள் கட்டு,
இடப்பக்க ஓரம் மூன்றரை சென்டிமீட்டர்.

போன வரைவில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்:
பொறியியல் அறிக்கையில் 'நான்' கிடையாது.
ஆகவே
கினோவா ஊறவைக்கப்பட்டது.
உருளை சுழற்றப்பட்டது.
கசப்பு நுரை வெளியேற்றப்பட்டது.
எட்டாவது நிமிடத்தில் அச்சாணியில் முறிவு கண்டறியப்பட்டது.

பட்டது, பட்டது, பட்டது.
அறுபது பக்கமும் பட்டதுதான்,
பட்டவர் ஒருவரும் இல்லை.
அச்சாணி முறிந்தபோது தெறித்த நுரைநீர்
நெலிதாவின் கண்ணில் விழுந்ததும்
பட்டறைக் கோட்டாலேயே அதைத் துடைத்துக்கொண்டு
"நேரத்தைக் குறி, நேரத்தைக் குறி" என்று அவள் கத்தியதும்
எந்த அட்டவணையில் வரும்?

இலக்கு: மணிக்கு நாற்பது கிலோ.
கிடைத்தது: இருபத்துமூன்று.
நெலிதா வாட்ஸ்அப்பில் கேட்கிறாள்,
முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் எடுத்துப்
பன்னிரண்டால் பெருக்கினால்?
முப்பத்தெட்டு வருகிறது.
முன்னால் ஒரு 'சுமார்' போட்டால்
நாற்பது தன் வீட்டுக்குள் வருவதுபோல் வந்து உட்காரும்.
போட்டேன்.
அழகாகத்தான் இருந்தது.
தேநீர் வைக்க எழுந்து போனேன்.

சோதனை நாளில் சலினாஸிலிருந்து
ஒரு மூட்டையோடு வந்திருந்தாள் பெனிதா.
இரவெல்லாம் பேருந்து. முகம்கூடக் கழுவவில்லை.
கழுவிய தானியத்தில் கைவிட்டு
ஒரு சிட்டிகை மென்று துப்பினாள்.
"கசப்பு போச்சு. பாதி உடைஞ்சும் போச்சு."
சல்லடை பிறகு பத்தொன்பது சதவீதம் என்றது.
அவளுக்கு அது பாதி.
"உடைஞ்சத என்ன விலைக்கு எடுத்துக்குவீங்க?" என்றாள்.
நாங்கள் அளவுமானியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தண்ணீர் கொதிப்பதற்குள் திரும்பி வந்து
'சுமாரை' அழித்தேன்.
இருபத்துமூன்று.
சட்டை போடாத எண்.

இனி படம் ஏழு.
விசைப்பட்டைக்கு இருக்கிற ஒரே புகைப்படத்தில்
இடது ஓரமாக ஒரு முழங்கை நிற்கிறது.
லிம்பெர்ட் டிக்கோனாவின் முழங்கை.
மே மாதம் கட்டணம் கட்ட முடியாமல் நின்றுவிட்டான்,
இப்போது அண்ணனின் மினிபஸ்ஸை வியாச்சாவுக்கு ஓட்டுகிறான்.
பதிவில் இல்லாதவர் பெயர் அட்டையில் வரக் கூடாது, அது விதி.
முழங்கையை வெட்டினால் பட்டையும் பாதி போகிறது.
வெட்டிப் பார்த்தேன், மீட்டேன்,
மறுபடி வெட்டிப் பார்த்தேன்.
சட்டகம் முழுக்க அவன் பற்றவைத்தது.
உருளை குதித்த குதியில் தரையே அதிர்ந்தது,
ஒரு மூட்டும் விடவில்லை.

மூன்றே முக்காலுக்குத்தான் கண்ணில் பட்டது:
'நான்' கிடையாது என்றார்.
'ஆல்' கிடையாது என்று சொல்லவில்லை.

சட்டகம் லிம்பெர்ட் டிக்கோனாவால் பற்றவைக்கப்பட்டது.

எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன்.
இலக்கணம் சரி. ஓரம் சரி. எழுத்தளவு பன்னிரண்டு.
அந்தத் துணிச்சலிலேயே நிறுத்தியிருக்கலாம்.
ஆனால் அடுத்த பத்தியில் அச்சாணி கிடந்தது,
'பொருள் சோர்வின் காரணமாக' என்ற போர்வைக்குள்.
இரும்புக்கு என்ன சோர்வு, எட்டு நிமிடத்தில்?

பதினாறு மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில்
பன்னிரண்டு என்று
அச்சாணியின் விட்டம் என்னால் தவறாகக் கணக்கிடப்பட்டது.

நெலிதாவுக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் குறி. பதில் இல்லை.
பிறகு: "மதிப்பெண் மூணு பேருக்கும்தான் குறையும், தெரியும்ல?"
பிறகு: "சரி. 'தவறாக' வேண்டாம், 'குறைவாக'ன்னு போடு."
பிறகு, வெகுநேரம் கழித்து,
"வேண்டாம், இருக்கட்டும்."

பொருளடக்கத்தில் பக்க எண்கள் இரண்டு தள்ளிப் போயிருக்கின்றன.
மணி ஆறு ஐந்து.
கேபிள் காரின் முதல் பெட்டி
விளக்கோடு காலியாக இறங்குகிறது.
அச்சுக்கடை ஆறரைக்கு.