நாற்பத்திரண்டு எழுத்து

பங்சார் சவுத், பதினான்காம் மாடி.
ஆங்கிலப் படங்களுக்கு ஸ்பானிய வசனவரி எழுதுகிறேன்.
வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து, அதற்குமேல் கூடாது.

கிவ், டேக், புட் எல்லாம் சாதுக்கள்.
பின்னால் ஓர் அப், ஓர் ஆஃப், ஓர் அவுட் ஒட்டிக்கொண்டால்
குணம் மாறிவிடும்,
கல்யாணத்துக்குப் பிறகு என் அண்ணன் மாதிரி.

மேக் அப்: கதை கட்டினாலும் அதுதான்,
சண்டை போட்டுச் சேர்ந்தாலும் அதுதான்,
முகத்தில் பூசினாலும்.
ஸ்பானியம் மூன்றுக்கும் தனித்தனி வீடு கொடுத்திருக்கிறது.

இன்று வந்த வரி:
ஹீ ஸ்டூட் மீ அப்.
நிற்கவைத்தான், சரி. எதற்கு மேலே?
ஸ்பானியத்தில், மே தெஹோ பிளந்தாதா:
என்னை நட்டுவிட்டுப் போனான்.

விசைப்பலகையில் விரல் அப்படியே நின்றது.

போன வெள்ளி, பசார் செனி நிலையம்.
ஏழிலிருந்து ஒன்பதே கால்வரை
தூணோரம். செருப்புக்குள் மழைத்தண்ணீர்.
குடை விற்ற வங்காளதேசத்துப் பையன்
இரண்டு தடவை விலை குறைத்தான்,
பிறகு என்னைப் பார்ப்பதையே நிறுத்தினான்.
இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால்
துளிர்த்திருப்பேன்.

தயாபரன் தமிழில்தான் அனுப்பியிருந்தான்:
வந்துவிடுகிறேன்.

நமக்கும் இந்த வால் உண்டு, கவனித்ததில்லை.
விடு, அது வெறும் துணைவினை,
தனிப்பொருள் கிடையாதென்று
படிவம் நான்கில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.

கிடையாதா?
வந்து எங்கோ கிளானா ஜெயா பக்கம் இறங்கிக்கொண்டது.
விடு மட்டும்
நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

மே தெஹோ பிளந்தாதா.
எண்ணிப் பார்த்தேன், இடைவெளியோடு பதினாறு.
இருபத்தாறு மிச்சம்.
எதையும் சேர்க்கவில்லை.