கொழுகொம்பு கேட்காதது

பர்னபியில் எங்கள் கட்டடத்தின் வடக்குச் சுவர்
வெயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறது, அவ்வளவே.
அதில்தான் ஏறி நின்றது அந்தக் கொடி,
டிசம்பரிலும் பச்சை குறையாமல்.
ஹைட்ரேஞ்சியா வகையாம்.
நர்சரி அட்டையில் மூன்றே வரி:
நிழல் தாங்கும். தானே பற்றும். உண்ணத் தக்கதல்ல.

தானே பற்றும் என்பது உண்மை.
கொழுகொம்பு கேட்கவில்லை, கயிறு கேட்கவில்லை,
கணுவுக்குக் கணு மயிர்வேர் விட்டு
ஸ்டக்கோ பூச்சைப் பிடித்துக்கொண்டு
ஒன்பது வருடத்தில் மூன்றாம் மாடிக்கு வந்தது.
இந்த நாட்டில் என் வேகமும் ஏறத்தாழ அதுதான்.

குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம்:
பூச்சு பெயர்கிறது, முப்பது நாளில் அகற்றவும்.
அதே வாரம் பஸ் நிறுத்தத்தில்
கண்ணுக்குத் தெரியாத பனியில் சறுக்கி
இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன்.

பிடுங்க வந்தவர் லியாவ் ஃபூ-ஷெங்.
கத்தரியை விரித்தவர் வெட்டவில்லை.
ஓர் இலையைத் திருப்பி அடிப்புறம் பார்த்தார்,
தண்டை நகத்தால் கீறி முகர்ந்தார்.
"கூலியில் இருபது டாலர் குறைத்துக்கொள்ளுங்கள்.
தண்டும் வேரும் எனக்கு."

அவர் ஊர் மலையில்
இதே கொடியோ இதன் பங்காளியோ
பாறைமேல் ஏறிக் கிடக்குமாம்.
அடிபட்டால், எலும்பு முறிந்தால்,
மழைக்காலத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டால்
நறுக்கி மண்சட்டியில் கொதிக்க வைப்பார்களாம்.
நசுக்கி வைத்துக் கட்டுவதும் உண்டாம்.

கேட்குமா, என்றேன்.
"குடித்தால் பத்து நாளில் வலி போகும்.
குடிக்காவிட்டாலும் பத்து நாள்தான்.
ஆனால் குடிக்கிறவனுக்கு
அந்தப் பத்து நாளும் ஒரு வேலை இருக்கும்."

எனக்குப் பிரண்டை ஞாபகம் வந்தது.
புளி வைத்து அரைத்தும் நாக்கை விடாத அரிப்பு,
எலும்புக்கு நல்லது என்ற ஒரே சாட்சி.
இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்ல?
எங்களுக்கும் ஒன்று உண்டு,
நாலு பட்டை, விரல் நீளத்துக்கு ஒரு கணு, என்று
பிளாஸ்டர் போட்ட கையால் காற்றில் வரைந்தேன்.
தெரியும் தெரியும் என்று தலையாட்டினார்.
இருவரும் வேறு வேறு செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் குடிக்கவில்லை.
அட்டையை நம்புகிறவள் நான், எக்ஸ்ரேயையும்.
ஆறாம் வாரப் படத்தில் கோடு மங்கியிருந்தது.

சுவரில் மங்கவில்லை.
வேர் பிடித்திருந்த இடமெல்லாம்
பழுப்புக் கீறல், கீழிருந்து மேலாக,
மூன்று மாடிக்கும்.
சங்கத்தின் அடுத்த கடிதம்:
கறையை எப்போது போக்குவீர்கள்?

பத்து நாள் ஆகும், என்று பதில் எழுதினேன்.
மீதியை எழுதவில்லை.