பலகைச் சுவருக்கு வெளியே

அவளுடைய முதல் இசைத்தட்டு வந்த அன்று
வண்டி மீட்டரில் நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
நான் அவளை எண்ணியது அப்படித்தான்.
கம்பெனிக்காரர்கள் தட்டுகளை எண்ணினார்கள்,
பத்திரிகைக்காரர்கள் கணவர்களை.

தைமி ஹௌதாலா.
அலவூஸ் மரமில்லில் பலகை அடுக்கிக்கொண்டிருந்தவள்,
பத்தொன்பது வயதில் டாங்கோ பாட வந்தாள்.
இருபத்து மூன்றில் தபால்காரர் அவளுக்கென்று தனி மூட்டை தூக்கினார்.
பால் பண்ணைக்காரன் ஒருவன்
பசுவுக்கு அவள் பெயர் வைத்துப் படம் அனுப்பியிருந்தான்.
வந்ததிலெல்லாம் அந்தப் பசுவை மட்டும்
வண்டிக் கண்ணாடிக்கு மேல் செருகி வைத்தாள்.

கோடையில் வாரத்துக்கு ஆறு ஏரிக்கரை.
ஏரிக்கொரு நடனக் கொட்டகை,
பைன் பலகைச் சுவர், தகரக் கூரை,
வாசலில் கடுகு தடவிய சாஸேஜ்.
சூரியன் இறங்க மறுக்கும் ராத்திரி பத்து மணிக்கு
ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.
ஒரு ஜோடிக்கு இரண்டு பாட்டு, அதுதான் வழக்கம்.
முதல் பாட்டில் கை வியர்க்கும்.
இரண்டாவதில் யாராவது பெயர் கேட்பார்கள்.
பிறகு நன்றி சொல்லி
எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும்.
அந்த ஏழு நிமிஷத்தில்
எத்தனை கல்யாணங்கள் தொடங்கினவோ,
எத்தனை தொடங்காமல் போயினவோ,
நான் பார்த்ததில்லை.
நான் வெளியே வண்டியில், கொசுக்களோடு,
தூங்குவதாகப் பேர்.

பலகைக்கு ஒரு குணம் உண்டு.
கீழ்ச்சுரத்தை வெளியே விடும், மேல்சுரத்தை விழுங்கிவிடும்.
முப்பத்தோரு கோடை அவளை நான் கேட்டது
அந்த மிச்சத்தில்தான்:
அடித்தொண்டை, டபுள் பாஸ்,
நானூறு செருப்புகள் ஒன்றாய்த் திரும்பும் ஓசை.
திரும்பும் வழியில் ரேடியோவில் அவள் பாட்டு வந்தால்
கை நீட்டி அணைத்துவிடுவாள்.
"வேலை முடிந்தது, ஓர்வோ."
காலணியைக் கழற்றி
டாஷ்போர்டில் கால்களைத் தூக்கிப் போடுவாள்.
காட்டுமான் குறுக்கே வந்தால் மட்டும் பேசுவாள்,
மானிடம்.

பிறகு டிஸ்கோ வந்தது. கொட்டகைகளில் புல் முளைத்தது.
ஸ்டாக்ஹோம் போகிற கப்பலில்
சூதாட்ட மெஷின்களுக்கும் வரியில்லாச் சாராயத்துக்கும் நடுவே
அலை தூக்கும்போது கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பாடினாள்.
எனக்குத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓர் அறை.
அங்கே சுவர் இரும்பு. ஒன்றுமே வராது.
குடித்தாள், ஆமாம்.
பத்திரிகை எழுதியதைவிடக் குறைவு,
என் மனைவியிடம் நான் சொன்னதைவிட அதிகம்.

தொண்டையில் கத்தி வைத்தார்கள்.
குரல் ஒரு படி கீழே இறங்கி வந்தது.
விமர்சகர்கள் 'ஆழம்' என்றார்கள்,
பேரப்பிள்ளை வயதுக்காரர்கள் மறுபடி வரிசையில் நின்றார்கள்.
எனக்கும் சந்தோஷம்தான்.
சுவரைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாக வந்தாள்.

நவம்பரில் போய்விட்டாள்.
டிவியில் ஒரு மணி நேரம், நடுவே வானிலை.
நான்காவது வண்டியும் காயலான் கடைக்குப் போயிற்று.
பசுவின் படத்தை எடுக்க மறந்துவிட்டேன்.

போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில்
கையில் உறைந்த பட்டாணிப் பொட்டலம்.
கூரை ஸ்பீக்கரில் அவளுடைய அந்தப் பெரிய பாட்டு,
நடுவில் பலகை இல்லாமல்.
எங்கள் பேச்சில் மறுப்பு முன்னால் வரும்.
அந்த ஒரு சொல்லை அவள்
உச்சியில் வைத்துப் பாடியிருக்கிறாள், ஊசி முனை மாதிரி.
சுவர் தின்றது அதைத்தான்.
முப்பத்தோரு கோடையாக எனக்குக் கேட்டது
காத்திரு.
அவள் பாடியது
காத்திராதே.

யாரோ தள்ளுவண்டியால் இடித்து மன்னிப்புக் கேட்டார்கள்.
அடுத்த பாட்டு வேறொருத்தி,
பெயர் தெரியவில்லை, நல்ல குரல்.
ஒரு ஜோடிக்கு இரண்டு பாட்டு.
அதுவும் முடியும்வரை நின்றேன்.
பிறகு நன்றி சொல்லி
பட்டாணியை
எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன்.