நரகத்துக்குப் படி அதிகம்

சொர்க்கத்தை மீன் கிடங்கில் போட்டிருந்தார்கள்.
அல்மேரியா துறைமுகத்தின் பின்பக்கம்,
உறைந்த கணவாயை அடுக்கும் கூடம்.
வெள்ளைத் துணி, வெள்ளைப் புகை.
'புகைபிடிக்காதீர்' பலகையைக் கழற்ற முடியாமல்
அதன்மேல் ஒரு மேகத்தை ஒட்டிவிட்டார்கள்.

நரகம் ஊருக்கு வெளியே,
தக்காளி பறித்து முடிந்த பிளாஸ்டிக் கூடாரம்.
ஆகஸ்ட் மாதம்.
நெருப்பு மூட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

சொர்க்கத்துக்கு நாளொன்றுக்கு நாற்பது யூரோ.
நரகத்துக்கு ஐம்பத்தைந்து, வெயில் படி சேர்த்து.
சொர்க்கத்தில் அசையக் கூடாது, தும்மக் கூடாது,
உட்காரவும் கூடாது, இறகு மடங்கிவிடும்.
நரகத்தில் வாய்விட்டுக் கத்தலாம்.
எங்கள் தெருவே நரகத்துக்குப் பெயர் கொடுத்தது.
பாதிரியாரின் தங்கை ப்ருடென்சியாகூட
பெயரைத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.
ஆனால் சொன்னாள்.

நான் பாவி எண் நாற்பத்தாறு.
கரி பூசிய கன்னம், கிழிந்த சாக்கு,
கழுத்தில் அட்டை: பொறாமை.
நான் கேட்டது பெருந்தீனி.
அதை பேக்கரிக்காரர் முந்திக்கொண்டார்.

மூன்றாம் நாள், சாப்பாட்டு வரிசையில்,
எனக்குப் பின்னால் நாற்பத்தேழாக நின்றான்
எவாரிஸ்தோ.
ஆறு வருஷத்துக்கு முன்னால்
நானே ரசீது வாங்கி அடக்கம் செய்த
என் புருஷன் எவாரிஸ்தோ.
அதே நீல சூட்.
படுத்திருப்பவனுக்கு மாட்டுவதற்காக
முதுகை நெடுக வெட்டியிருந்தார்களே,
அந்த வெட்டும் அப்படியே.
'யார் தைத்தது, பிரமாதம்' என்று
உடையலங்காரப் பெண் அவனைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

நான் அலறவில்லை.
அலறியிருந்தால் நன்றாக இருக்கிறது என்று
இன்னொரு முறை எடுத்திருப்பார்கள்.

"இங்கே என்ன செய்கிறாய்?"
"படப்பிடிப்பில் தலையை எண்ண மாட்டார்கள். நழுவிவிட்டோம்.
அதோ, வெள்ளரிப் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பவர் நோட்டரி.
அவரும் எங்கள் பக்கம்தான்."
"எந்தப் பக்கம்? மேலேயா, கீழேயா?"
ரொட்டியைப் பிட்டான்.
"உப்பு இருக்கிறதா?" என்றான்.

முப்பத்துநாலு வருஷம்
எங்கே போயிருந்தாய் என்று நான் கேட்கும்போதெல்லாம்
இதே உப்பைத்தான் கேட்டான்.

மதியம் எல்லாப் பாவிகளும் துடித்தோம்.
அவன் மட்டும் கூடாரத்தின் நடுவில்
கண்ணை மூடி, முகத்தை வெயிலுக்குக் காட்டி,
கடற்கரையில் நிற்பவன் மாதிரி சிரித்தான்.
"நாற்பத்தேழு! கஷ்டப்படு!" என்று
ஒலிபெருக்கியில் இயக்குநர் கத்தினார்.
பாவம், முயற்சி செய்தான். வரவில்லை.

இந்தச் சூடு இவனுக்குப் பழகிப்போனதா?
இல்லை, இத்தனை நாள் குளிரில் கிடந்தானா?
கையைத் தொட்டுப் பார்த்தேன்,
கிடங்குக் கணவாயைவிடச் சில்லென்று இருந்தது.
ஆனால் செத்தவன் கை குளிர்வதில்
என்ன துப்புக் கிடைக்கும்?

சாயங்காலம் கையெழுத்துப் போட்டு
ஐம்பத்தைந்தையும் எண்ணி வாங்கினான்.
"உன் அக்கா ஒப்துலியாவிடம் ஐம்பது வாங்கியிருந்தேன்.
உனக்குத் தெரியாது. கொடுத்துவிடு."
"மீதி ஐந்து?"
"அது எனக்கு வேண்டும். வாசலில் நிற்பவனுக்கு."

வாசல் இரண்டு இடத்திலும் இருக்கிறதே என்று
நான் யோசித்து முடிப்பதற்குள்
பாவிகளின் பஸ் கிளம்பிவிட்டது.
நோட்டரி மட்டும் ஜன்னல் வழியாகத்
தொப்பியைத் தூக்கினார்.

படம் பிப்ரவரியில் வந்தது.
நரகம் மொத்தம் பதினோரு நொடி.
நான் ஒரு முழங்கையாக வருகிறேன்.
ஒப்துலியா ஐம்பதைப் பையில் போட்டு மூடியபடி கேட்டாள்:
"முதுகு கிழிந்த சூட்டில் ஒருத்தன்,
எரியும்போது சிரிக்கிறானே, யாரடி அது?"

துணை நடிகர், என்றேன்.

அடுத்த காட்சியில் சொர்க்கம் வந்தது.
ஆளே இல்லை.